எந்த இல்லம்?

யாழ்ப்பாணம்,
பங்குனி 9

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் நோ குறைந்தது என்று அறிந்து ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம்.

"பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி இல்லங்களுக்காக, நீலம், பச்சை என்று ஏன் இந்த வயதிலும் சண்டை பிடிக்கிறீர்கள்?" என்று உன் மகன் கேட்டானாமே. அவனுக்கு இப்படிச் சொல்லு. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிக்கூடங்களில் இல்லம் என்றால் உண்மையிலேயே வீடுதான். ஈற்றன் கல்லூரியில் இன்றைக்கும் 25 வீடுகள். ஒவ்வொன்றிலும் 50 பையன்களளவில் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் உண்டு உறங்கி வளர்கிறார்கள். அந்த வழக்கம் இங்கே வந்தபோது, சைக்கிளில் வந்து போகிற எங்களுக்கு வீடு வரவில்லை, பெயரும் நிறமும்தான் வந்தன. இங்கே சென் ஜோன்ஸ் கல்லூரியில் பீற்றோ, தொம்சன் என்று பழைய அதிபர்களின் பெயர்கள் இன்றும் பிள்ளைகளின் வாயில் இருக்கின்றன.

இந்த வருடம் பச்சை இல்லத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியர். இப்போதும் சேர்விலக்கத்தை, அதாவது பள்ளிக்கூடத்தில் சேரும்போது கொடுக்கிற எண்ணை, நாலால் வகுத்து, மிச்சத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறோம். அண்ணன் தம்பி என்றால் மட்டும் ஒரே இல்லம். டொக்டரின் மகனும் கடலுக்குப் போகிறவரின் மகனும் ஒரே நிறத்தில் நிற்பது இந்தக் கணக்கால்தான். எனக்கு இதில் பெரிய மதிப்பு.

அதைவிடப் பிடித்தது தெரிவுப் போட்டி. குறித்த நேரத்துக்குள் ஓடினால், குறித்த தூரம் பாய்ந்தால், இடம் கிடைக்காவிட்டாலும் இல்லத்துக்கு ஒரு புள்ளி. போன மாதம் தரம் 7 பையன் ஒருவன் நீளம் பாய வந்தான். கொஞ்சம் உடம்பான பிள்ளை. முதல் இரண்டு தரமும் பலகையைத் தாண்டி மிதித்துவிட்டான். மூன்றாம் தரம் பாய்ந்து மணலில் குந்தியபடியே இருந்தான், எழும்பவில்லை. குதிக்கால் பட்ட இடத்தில் நாடாவைப் பிடித்தோம். குறித்த அளவைவிட இரண்டு விரற்கடை கூட! உயர்தரம் படிக்கிற இல்லத் தலைவன் ஓடிவந்து அவனைத் தூக்கினான். மற்ற நாட்களில் அந்தப் பெரிய பையனுக்கு இவனுடைய பெயரே தெரிந்திருக்காது.

ஒரு மனவருத்தமும் உண்டு. இல்ல அலங்காரம் வரவரக் காசுப் போட்டியாகிவிட்டது. ரெஜிபோம் என்கிற நுரைப் பலகையில் கோட்டை, கோபுரம் என்று கடையில் செய்வித்து இறக்குகிறார்கள். அந்தச் செலவு பெற்றோரின் தலையில். இந்த முறை நான் ஒரே பிடியாக நின்றேன்: வளவில் கிடைப்பது மட்டும்தான். கிடுகு, காவோலை, பனங்குருத்து, வாழை. போட்டிக்கு முதல் நாள் இரவு ஒரு பையனின் அம்மம்மா வந்திருந்து, குருத்தோலையில் கிளி மடிக்கக் காட்டிக் கொடுத்தா. பத்து மணிக்குள் இருநூறு கிளிகள் தொங்கின. அலங்காரத்தில் எங்களுக்கு மூன்றாம் இடம்தான். நடுவர்கள் அந்தக் கிளிகளைக் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. மொத்தப் புள்ளியில் இரண்டாம் இடம்.

சரி, முதலிடம் யாருக்கு என்று கேட்பாய். உங்கள் நீலத்துக்குத்தான். கடைசி அஞ்சலோட்டத்தில் எங்கள் பையன் கோலைத் தவறவிட்டான், அதோடு போய்விட்டது. ஆனால் பழைய மாணவர் ஓட்டத்தில் நீலத்துக்கு ஓட ஆளில்லை. அடுத்த மாசிக்கு நீ வா, மகனையும் கூட்டிக்கொண்டு வா. உன் மகன் என்றபடியால் அவனும் நீலம்தான்.

அன்புடன்,
உன் பச்சை இல்லத்தான்