பல்பை மாற்றக் கை நுழையுமா என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவன் நான். புதுக் கார் ஒன்று வந்தால் மைலேஜ் எவ்வளவு, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம், திரை எத்தனை அங்குலம், ஏர்பேக் எத்தனை என்று எல்லாம் எழுதுகிறீர்கள். அந்தக் காரில் ஹெட்லைட் பல்பு போய்விட்டால் வீட்டிலேயே மாற்ற முடியுமா என்று மட்டும் ஒரு தடவைகூடப் படித்த நினைவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாதி நாளை ஒரு பல்போடு மல்லுக்கட்டிக் கழித்த பிறகு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இடது பக்க லோ பீம், அதாவது ஹெட்லைட்டின் தாழ்வெளிச்சம், எரியவில்லை. எச்7 என்ற வகை ஹாலஜன் பல்பு, 55 வாட், எங்கும் கிடைக்கிற சாதாரணப் பொருள்தான். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டுக்கு நேர் பின்னால் பேட்டரி, அதை ஒட்டி ஃப்யூஸ் பெட்டி, நடுவில் மூன்று விரல் நுழைகிற மாதிரி ஒரு சந்து. ரப்பர் மூடியைத் தடவித் தடவிக் கழற்றி, பிளக்கை உருவி, பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பைக் கண்ணால் பார்க்காமல் விரல் நுனியாலேயே விடுவிக்க வேண்டும். பழையது எப்படியோ வந்துவிட்டது, புதுசை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது, கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரமே போய்விடும். ஆக, கண்ணாடியைத் தொடாமல், எதையும் பார்க்கவும் முடியாமல், பல்பின் தட்டை அதன் காடியில் சரியாகப் பொருத்த வேண்டும். நாலு முறை வைத்தேன், நாலு முறையும் சாய்ந்தது. கடைசியில் 10 எம்.எம். ஸ்பேனரை எடுத்து பேட்டரியையே கழற்றி வெளியே வைத்த பிறகுதான் கை முழுதாக உள்ளே போனது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினால் கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கிறது, ரேடியோ ரகசிய எண் கேட்கிறது. புறங்கையில் இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. கையேட்டில் இந்த வேலைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தை அணுகவும். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஐ.நா.வின் வாகன விதிமுறைகளில் விளக்குகள் பொருத்துவது பற்றிய 48ஆம் விதி, மாற்றக்கூடிய பல்புகளைக் காரோடு தரும் கருவிகளைத் தவிர வேறு சிறப்புக் கருவி இல்லாமலே மாற்ற முடிய வேண்டும் என்கிறது. மொத்தமாக மூடி வரும் எல்இடி விளக்குகளின் கதை வேறு, அதில் மாற்றவே ஒன்றும் இல்லை. ஆனால் சாதாரண பல்புக்கே சில மாடல்களில் முன் பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கருவி தேவையில்லைதான், ஆனால் கை போக வழி வேண்டாமா?

பல வருஷமாக ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றுகிறேன். துருவோடு எனக்குச் சண்டை இல்லை. துருப்பிடித்த போல்ட் அசையாது, ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் முயல வேண்டும், அது இரும்பின் குணம். யாரோ முன்பு மிதமிஞ்சி இறுக்கியதால் ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலை மழுங்கி, ஸ்பேனர் வழுக்கி, விரல் போய் இடிக்கும். அதுகூடச் சரி. வேண்டுமென்றே போட்ட பூட்டுகள்தான் எனக்குத் தாங்கவில்லை. பின் சக்கர பிரேக் பேடை எடுத்துக்கொள்ளுங்கள். கைபிரேக் லீவர் இருந்த காலத்தில், பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. இப்போது லீவருக்குப் பதில் கைபிரேக்கை இயக்க அந்தக் காலிப்பரிலேயே மின்சார மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. பல கார்களில் காரின் கணினியோடு பேசும் ஸ்கேன் கருவியை மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோனால்தான் அது பின்வாங்கும், தெரியாமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் பொறியமைப்பே உடையலாம். தேய்ந்த பேடை மாற்ற ஒரு கணினி! இதைக் காரை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

கணினியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்கேனரை மாட்டினால் எஞ்சின் என்ன சொல்கிறது என்று படித்துவிடலாம், அது பெரிய வரம். ஒருமுறை எஞ்சின் உதறியபோது பி0301 என்று வந்தது, அதாவது முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ஸ்பார்க் பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் காயிலா, எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று அந்த எண் சொல்லாது. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டினேன், எண் பி0302 ஆக மாறியது. காயில்தான் குற்றவாளி என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. தகவலைத் திறந்து வைத்தால் ஒரு சாதாரண ஆளால் இவ்வளவு முடியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்களே வாக்களித்தார்கள், டீலருக்குக் கொடுக்கும் பழுதுபார்ப்புத் தகவலைக் காரின் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்று. கார்கள் கம்பியில்லாமல் தரவு அனுப்பத் தொடங்கியதும் அதையும் சேர்த்து 2020-இல் மறுபடி வாக்களித்தார்கள்.

மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். ஏர்பேக், ஹைபிரிட் காரின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகள் போன்றவற்றில் நானும் கை வைக்க மாட்டேன், வெறும் ஜாக்கியை நம்பி ஒருநாளும் காருக்கு அடியில் போனதில்லை, ஸ்டாண்ட் போட்டால்தான் போவேன். ஆனால் பல்பு, பேட்டரி, ஏர் ஃபில்டர், வைப்பர் இவையெல்லாம் ஓட்டுகிறவர் கையில் இருக்க வேண்டிய வேலைகள். ராத்திரி நடுவழியில் ஒரு பக்க விளக்கு அணைந்துவிட்டால் எந்த சர்வீஸ் மையம் திறந்திருக்கும்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் நிருபர் புதுக் காரை ஓட்டிப் பார்க்கும்போது நிறுத்திவிட்டு பானெட்டையும் திறந்து பார்க்கட்டும். ஹெட்லைட் பல்பை எடுத்து மாட்டக் கை நுழைகிறதா, எத்தனை நிமிஷம் ஆகிறது? பேட்டரியை மாற்றினால் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டுமா? பின் பிரேக் பேடுக்கு ஸ்கேன் கருவி வேண்டுமா? ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் திரவப் பாட்டில்தானா? மைலேஜுக்குக் கீழே நாலே வரி போதும். அடுத்த கார் வாங்கும்போது நான் முதலில் படிக்கப்போவது அந்த நாலு வரியைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்