டிரங்குப் பெட்டியைத் திறக்கும் முன்

அன்புள்ள தோழரின் மகளுக்கு,

தலைமறைவாக இருந்து கட்சி வேலை பார்த்த அம்மாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் இன்னும் மூடியே கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். துண்டறிக்கைகளைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறாராம் தம்பி. தயவுசெய்து பிரிக்காதீர்கள். சைக்ளோஸ்டைல் (மெழுகுத்தாள் வைத்து மை உருட்டிப் படியெடுக்கும் முறை) எடுத்த துண்டறிக்கையைத் திருப்பினால் பால் கணக்கு இருக்கும். பிள்ளைக்கு எந்த வேளை எந்த மருந்து என்று பென்சிலில் இருக்கும். ஒரே தாள்தான், இரண்டு பக்கமும் அம்மாதான். புரட்சியாளர் சே குவேரா 1965இல் தன் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த விடைபெறும் கடிதமும் ஐவரின் பெயரில் தொடங்கி 'அப்பா' என்றுதான் முடிகிறது.

முதலில், எதையும் எடுக்காமல் பெட்டியை மேலிருந்து படம் எடுங்கள். பிறகு அடுக்கு அடுக்காக. எந்தத் தாளோடு எது சேர்ந்திருந்தது என்பதே பல நேரம் தேதியைச் சொல்லும். துருப்பிடித்த ஸ்டேப்பிளைப் பிடுங்கினால் தாள் கிழியும். பின்பக்கக் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்திவிட்டு எடுக்க வேண்டும். கிழிசலுக்கு செலோடேப் கூடாது, அதன் பசை பழுத்துக் கறையாகிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செய்தித்தாள் நறுக்குகள் அமிலம் மிக்கவை. கடிதங்களோடு ஒட்டாமல் தனி உறையில் போடுங்கள். கடிதங்களை 400 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) சிறிய புகைப்படங்களை 600லும், இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். மூன்று பிரதி இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில்.

கடிதங்களில் உங்கள் பெயரே இல்லையே என்று மனம் நொந்துபோகும். தலைமறைவில் இருப்பவர் பிள்ளையின் பெயரை எழுத மாட்டார். கடிதம் பிடிபட்டால் போலீஸ் நேரே வீட்டு வாசலில் நிற்கும். 'சின்னவருக்குச் சளி விட்டதா' என்பது போன்ற வரிகளைத் தேடுங்கள். கோபம் வந்தால் வரட்டும், அன்றைக்கு மட்டும் பெட்டியை மூடிவையுங்கள். எதையும் எரித்துவிடாதீர்கள். உயிரோடு இருக்கும் தோழர்களின் பெயரை, வெளியே கொடுக்கும் பிரதியில் மட்டும் மறைத்தால் போதும். மூலத்தில் மை படக் கூடாது.

கேசட்டுகளைப் போடும் முன் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் மடல்களையும் உடைத்துவிடுங்கள், தவறி அழிந்துபோகாது. ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிய பிறகே கணினியில் பதிவு செய்யுங்கள். அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடமும் உட்கார வேண்டும். மேடைப் பேச்சுக்கு நடுவே குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் இரைச்சல் என்று வெட்டிவிடாதீர்கள். அது நீங்களாக இருக்கலாம், தம்பியாகவும் இருக்கலாம்.

தோழமையுடன்.