முன்னே சேற்றுக்கு, பின்னே பாறைக்கு

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லாரும் நலமா? உன் மலை சைக்கிளுக்குச் சேற்றுக்கும் பாறைக்கும் சேர்த்து ஒரே மாதிரி இரண்டு டயர் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். ஒரே மாதிரி வேண்டாம். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு வேறொன்று போடு. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இங்கே மழை நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மாதிரி நாள்கணக்கில் பிடிவாதம் பிடிக்காது. பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் காட்டுக்குள் வெயில் இறங்காது. புக்கித் தீமா சைக்கிள் பாதை சுமார் 6 கி.மீ. சுற்று; கருங்கல், அதைப் பின்னிக்கொண்டு வேர், நடுநடுவே கருங்கல் மட்கிய செங்களி. புலாவ் உபின் தீவு பழைய கருங்கல் குவாரி, அங்குள்ள கெத்தாம் பாதையில் சரளை அதிகம். நம் ஊர் குலசேகரத்து ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணும் உருட்டுக்கல்லும் இதற்கு ஏறக்குறைய சித்தப்பா மகன்தான். அதனால் இங்கே சரிப்படுவது உனக்கும் சரிப்படும்.

சேற்றில் டயர் தோற்பது வழுக்கலால் மட்டுமல்ல. மேலே புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே களி அடைத்துக்கொண்டால் டயர் மொழுக்கென்று ஆகிவிடும், பிறகு எந்தப் பட்டனும் மண்ணைத் தொடாது. எனவே பட்டன்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று நன்றாக இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். சக்கரம் சுழலும்போதே சேறு தெறித்து விழும். பாறை இதற்கு நேர் எதிர். அங்கே உயரமான பட்டன் வளையும், நுனி மட்டும் கல்லைத் தொடும், கொஞ்ச நாளில் அடியோடு கிழியும். பாறைக்குக் குட்டையான, அகலமான, நெருக்கமான பட்டன்தான் சரி.

இரண்டும் ஒரே டயரில் அமையாது. அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன். முன் சக்கரம் சறுக்கினால் விழுந்துவிடுவாய். பின் சக்கரம் சறுக்கினால் வால்தான் ஆடும். பிடிப்பு முழுவதும் முன்னால் வேண்டும். பின் சக்கரத்தில் உன் எடை அதிகம் இறங்குகிறது, கல்லில் இடிபடுவதும் அதுதான். முன்னால் மாக்சிஸ் ஷார்ட்டி அல்லது ஷ்வால்பே மேஜிக் மேரி, பின்னால் மாக்சிஸ் மினியன் டிஎச்ஆர் 2. வெட்ஸ்கிரீம் என்று ஒன்று இருக்கிறது, முழுக்கச் சேற்றுக்கானது. கல் வந்ததும் மேசைமேல் நண்டு மாதிரி தடுமாறும். அதைக் கேட்காதே.

நனைந்த வேருக்குப் பட்டன் உதவாது. இளகிய ரப்பரும் குறைந்த காற்றும்தான் உதவும், வேரைக் குறுக்கே நேராகக் கடப்பதும். முன் டயர் மாக்சிஸ் என்றால் மாக்ஸ்கிரிப் என்ற இளகிய வகையை எடு. பின்னால் அதைவிடக் கெட்டியான மாக்ஸ்டெர்ரா போதும். இளகிய ரப்பர் தார் ரோட்டில் அழிரப்பர் மாதிரி தேயும். இங்கே எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளுக்குத்தான் அனுமதி, மலை சைக்கிள்காரர்கள் காடு வரைக்கும் தாரில் மிதித்தே போக வேண்டும். பின் டயர் பாதி ஆயுளை அங்கேயே விட்டுவிடும்.

பலரும் பட்டனைப் பார்த்து வாங்கிவிட்டு டயரின் உடம்பான உறையை மறந்துவிடுகிறார்கள். மாக்சிஸில் ஈஎக்ஸ்ஓ மெல்லியது, ஈஎக்ஸ்ஓ பிளஸ் நடுத்தரம், டபுள்டவுன் தடித்தது. முன்னால் ஈஎக்ஸ்ஓ போதும். பின்னால் பிளஸுக்குக் கீழே இறங்காதே. சைடு வால், அதாவது டயரின் பக்கச் சுவர், கூரான கல்லில் கிழிந்தால் உள்ளே ஊற்றும் ஓட்டையடைப்புத் திரவமான சீலண்ட் அடைக்காது.

காற்று விஷயத்தில் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிடு. 2 பிஎஸ்ஐ வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, பாதைக்குத் தெரியும். காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றும் சேர்த்து அனுப்புகிறேன். உன் 65 கிலோவுக்கு டியூப்லெஸ்ஸில் முன் 20, பின் 23 பிஎஸ்ஐயில் தொடங்கு. ரிம் கல்லில் 'டங்' என்று இடித்தால் 2 கூட்டு. வேரில் பட்டுத் துள்ளினால் 1 குறை. ட்யூப் போட்டு ஓட்டினால் இரண்டிலும் 5 ஏற்று. இல்லாவிட்டால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்தமாதிரி இரண்டு ஓட்டை விழும்.

சீலண்ட் உனக்குப் புதிதல்ல. பெரும்பாலானவை ரப்பர் பால்தான், உறையாமல் இருக்கப் பலவற்றில் அமோனியா கலந்திருக்கும். (1877-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் வந்து இறங்கியது இந்த ஊரில்தான்.) சக்கரத்துக்கு 100 மில்லி ஊற்று. நம் வெக்கையில் அது சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பார், உள்ளே ஒட்டுப்பால் மாதிரி உருண்டு கிடந்தால் எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்று. வால்வு அடைத்துக்கொள்வதும் இதே பாலால்தான். வால்வு கோர் (வால்வுக்குள் திருகும் ஊசி) ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்.

மாட்டும்போது ரிம் டேப்பில்தான் தப்பு நடக்கும். ரிம் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. அகலமான டேப் எடு. ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, டேப்பை இழுத்து ஒட்டு. சுருக்கம் இருந்தால் ஸ்போக் ஓட்டை வழியாகக் காற்று இறங்கும், நீ டயரைக் குறை சொல்வாய். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு கோரைக் கழற்றிவிட்டுக் காற்றடி. 'டப் டப்' என்று ஓரம் ஏறி உட்காரும். டயரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டாதே. பிறகு பாலை ஊற்றிச் சுழற்று, இரண்டு பக்கமும் பத்து பத்து நிமிடம் படுக்கவை. அம்புக்குறி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

டயரைக் கொண்டுவரும் நண்பர் 20-ம் தேதி இங்கிருந்து கிளம்புகிறார். அதற்குள் இரண்டு எண் எழுது. பழைய டயரின் ஓரத்தில் 584 என்று இருக்கிறதா, 622 என்று இருக்கிறதா? 584 என்றால் 27.5 அங்குலம், 622 என்றால் 29. அடுத்தது, பின் சக்கரத்தில் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே பக்கத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? ஆறுக்குக் கீழே போனால் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது பின்னால் 2.4 அங்குல அகலம் வேண்டாம், 2.3 வாங்குகிறேன். ஸ்கேல் வைத்து அள, கண்ணால் மதிக்காதே.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்