நாஷ்வில்லிலிருந்து மேசஸ் ஸ்பிரிங் வரை

அன்புள்ள நண்பா,

நலம், உன் நலமறிய ஆவல். பழுதாகிக் கிடந்த வால்வு ரேடியோவை மறுபடியும் பாட வைத்துவிட்டதாக நீ எழுதிய கடிதம், நானும் மனைவியும் காரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பக்கம் போய்த் திரும்பிய அன்று கிடைத்தது. நாங்கள் பார்த்து வந்ததும் வானொலி வளர்த்த 'கன்ட்ரி' என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் ஊர்களைத்தான் என்பதால், உனக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டென்னசியின் தலைநகரான நாஷ்வில்லில் உள்ள ரைமன் அரங்கம் கச்சேரிக்காகக் கட்டப்பட்டதன்று. நீராவிப் படகுகள் வைத்துத் தொழில் செய்த டாம் ரைமன், சாம் ஜோன்ஸ் என்னும் போதகரின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறி, எல்லோரும் கூடி வழிபடுவதற்காக எழுப்பிய மண்டபம் அது. 1892-இல் கட்டி முடித்தார்கள். இன்றும் அங்கே தனி நாற்காலிகள் இல்லை, தேவாலயத்து நீள மரப் பெஞ்சுகள்தான். வழவழத்துப் போன அந்த மரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு தோளுரச அமர்ந்தபோது, இந்த இசையைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இருக்கை இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. 1925-இல் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் நேரடிக் கன்ட்ரி இசை நிகழ்ச்சி, 1943 முதல் 1974 வரை இந்த மேடையிலிருந்துதான் ஒலிபரப்பானது. பிறகு புதிய அரங்குக்குக் குடிபோனபோது, ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகலத்துக்கு ஓக் பலகைகளை வட்டமாக அறுத்தெடுத்து அங்கே நடுமேடையில் பதித்தார்கள். 2010 வெள்ளத்தில் அந்த மேடை மூழ்கியும், வட்டத்தை மட்டும் செப்பனிட்டு மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். பாட வருபவர்கள் இன்றும் அதன்மேல்தான் நிற்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே பிரிஸ்டல். ஒரே தெருவின் ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. 1927 கோடையில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீர் இங்கே ஒரு தொப்பி நிறுவனத்தின் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை நிறுவி, மலையோரக் கலைஞர்களை அழைத்துப் பாட வைத்தார். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் கார்ட்டர் குடும்பம் என்ற குழுவும் முதன்முதலில் பதிவானது அப்போதுதான். கார்ட்டர் குடும்பத்தின் மேபெல்லுக்கு அன்று 18 வயது, பிள்ளைத்தாய்ச்சி. கட்டைவிரலால் கிதாரின் தடித்த தந்திகளில் மெட்டை எடுத்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளத்தையும் நிறுத்தாமல் அவர் வாசித்த முறை, பின்னால் வந்த எத்தனையோ கிதார் கலைஞர்களுக்குப் பாடமானது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு வந்தோம்.

கார்ட்டர் குடும்பத்தின் சொந்த ஊரான மேசஸ் ஸ்பிரிங், வர்ஜீனியாவில் மலையடிவாரத்தில் இருக்கிறது. குழுவின் தலைவர் ஏ.பி. கார்ட்டர் நடத்திய மளிகைக் கடை இப்போது அருங்காட்சியகம். அதன் அருகில் அவர் மகள் ஜேனட் உருவாக்கிய அரங்கில் இன்றும் சனிக்கிழமை தோறும் கச்சேரி நடக்கிறது. மின்சார இசைக்கருவிகளுக்கு அங்கே இடமில்லை. மேபெல்லின் மருமகனும் புகழ்பெற்ற பாடகருமான ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார்கள். மனைவி ஜூன் கார்ட்டர் மறைந்த இரண்டே மாதத்தில், 2003 ஜூலையில், அவர் கடைசியாகப் பாடியதும் இந்த மேடையில்தான். இங்கே நான் அதிகம் நினைத்துக்கொண்டது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞரைத்தான். ஏ.பி. ஊர் ஊராகப் பாட்டுத் தேடி அலைந்தபோது உடன் சென்று, அவர் சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டுகளை மனத்தில் ஏற்றி வந்தவர் ரிடில். கார்ட்டர் குடும்பத்தின் புகழைப் பேசும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

நாங்கள் போன அன்று அங்கே நடந்த கச்சேரியில் பிடில் தொடங்கியதும், அடியில் தகடு பதித்த காலணிகளோடு ஒரு முதிய தம்பதியர் மேடைக்கு முன்னால் வந்து ஆடினார்கள். அந்தத் தாளம் தரை வழியாக எங்கள் கால்களுக்கும் ஏறியது. கிளம்ப மனமில்லாமல் கடைசிப் பாட்டு வரை இருந்தோம்.

உன் ரேடியோவில் இரவு நேரத்தில் எந்தெந்த நிலையங்கள் எடுக்கின்றன என்று அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்