பாய் நெசவு கற்றுத் தருபவர்களுக்கு மதிப்பூதியம் கேட்டுக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கோரைப்பாய் நெய்யும் பெண்கள்,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: பாய் நெசவைப் பிறருக்குக் கற்றுத் தரும் மூத்த நெசவாளர்களுக்கு மாத மதிப்பூதியம் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பாய் போன ஊர் எங்கள் பத்தமடை. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்தப் பெருமையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நெசவைக் கற்றுக்கொடுக்கும் கைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்காகவே இந்த மனு.

பட்டுப்பாய் என்னும் மிக நுண்ணிய பாய்க்குக் கோரையை மெல்லிய இழையாக வகிர வேண்டும். எவ்வளவு நேரம் ஊறினால் போதும், எந்தப் பதத்தில் கத்தியை வைக்கலாம் என்பதெல்லாம் விரல் சொல்லும் கணக்கு. வீடியோ பார்த்து வராது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கையைப் பிடித்துத் திருத்த வேண்டும். எங்களில் பலருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் உறவினர்கள்கூட இல்லை. அடுத்த தெரு மாமிகள்தான். ஒரு பைசா வாங்கியதில்லை. கேட்டால், “கத்துக்கிட்டு நாலு பேருக்குச் சொல்லிக்கொடு, அது போதும்” என்பார்கள்.

ஆனால் அந்த மனசுக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரியது. நெசவுக்குக் கூலி பாய்க் கணக்கில்தான் வருகிறது. நுண்ணிய பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரமெல்லாம் அவர்களின் சொந்தத் தறி சும்மா கிடக்கிறது. கற்பவர் அறுத்து வீணாக்கும் கோரையும், சாயம் பிசகிப்போன கட்டும் அவர்கள் காசுதான். நல்ல கோரை கிடைப்பதே சிரமமாகிவிட்ட காலம் இது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியத்துடன் கடன் கிடைக்கிறது. தொழில் தொடங்குபவருக்கு அது உதவும். சொல்லிக்கொடுக்கும் அறுபது வயது மாமிக்குக் கடன் எதற்கு? அவருக்கு வேண்டியது, இழக்கும் கூலிக்கு ஈடு. குறுகிய காலப் பயிற்சி முகாம்களும் இதற்குப் போதாது. சாதாரணப் பாய் நெய்யச் சீக்கிரம் பழகிவிடலாம், பட்டுப்பாய்க்குக் கை படிய மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே, தன் குடும்பத்துக்கு வெளியே ஒருவரையாவது சேர்த்துக் கற்றுத் தரும் மூத்த நெசவாளர் ஒவ்வொருவருக்கும், குறைந்தது ஓராண்டுக்கு மாத மதிப்பூதியமும் கோரை, நூல், சாயச் செலவும் மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்க ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று. தேர்வுக்குப் படிப்புச் சான்றிதழோ விருதோ கேட்க வேண்டாம். பலரிடம் அவை இருக்காது. அவர்கள் நெய்த பாயைப் பாருங்கள், அவர்களிடம் கற்றவர்களைக் கேளுங்கள். அலுவலர் ஒருவரை ஊருக்கு அனுப்பினால் வீடு வீடாக நாங்களே அழைத்துப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பத்தமடை பாய் நெசவுப் பெண்கள்