பேராசிரியரிடம் ஜோசியம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்டிருந்த அரசியல் அறிவியல் பேராசிரியரின் பேட்டியை ஒரு வரி விடாமல் படித்தேன். நல்ல பேட்டி, ஆனால் தலைப்பு சரியில்லை. வாங்குகிற ஓட்டு எப்படி எம்.எல்.ஏ. எண்ணிக்கையாக மாறுகிறது என்று அந்த மனிதர் அரைப் பக்கத்துக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். கடைசியில் உங்கள் நிருபர் "அடுத்து யார் ஜெயிப்பார்கள்" என்று கேட்டு, அவரும் தயங்கித் தயங்கி ஏதோ ஒரு பதில் சொல்ல, அந்த ஒரு வரியைப் பிடித்துக் கொட்டை எழுத்தில் தலைப்பாக்கிவிட்டீர்கள். எங்கள் தெரு டீக்கடையில் அன்றைக்குப் பூரா அந்தத் தலைப்பை வைத்துத்தான் சண்டை. உள்ளே இருந்ததைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

எனக்கு உள்ளே இருந்ததுதான் முக்கியமாகப் பட்டது. 1967இல் காங்கிரஸ் படுதோல்வி அடைந்தது என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தேர்தலில் காங்கிரஸும் சரி, திமுகவும் சரி, வாங்கிய ஓட்டு 41 சதவீதத்தை ஒட்டித்தான், காங்கிரஸ் ஒரு துளி கூடவே என்று எத்தனை பேருக்குத் தெரியும்? திமுகவுக்கு 137 இடம், காங்கிரஸுக்கு ஏறக்குறைய 50. ராஜாஜியில் தொடங்கி மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகள் வரை சேர்த்து அண்ணா கட்டிய கூட்டணிதான் அந்த வித்தியாசத்தைச் செய்தது. 2016ஐ எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான், அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் நடுவே சுமார் 1 சதவீத ஓட்டு, ஆனால் எண்ணி முடித்த அன்றைக்கு அதிமுகவுக்கு 134, திமுக அணிக்கு 98 இடம். இதை எந்தக் கட்சி மேடையிலும் சொல்ல மாட்டார்கள், ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இதைச் சொல்வதில் லாபம் இல்லை. பேராசிரியர்தான் சொல்ல முடியும், சொல்லவும் செய்தார், நீங்கள் அதைப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தீர்கள்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், ஆர்.கே.நகர் தொகுதி. 2017இல் இங்கே வராத கேமரா இல்லை. ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா என்று தேர்தல் கமிஷன் ரத்து செய்தது, பணம் புழங்கியது நிஜம், அதை நான் மறைக்கப் போவதில்லை. டிசம்பரில் மறுபடி நடந்தபோது டிடிவி தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 40 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்று ராத்திரி எல்லா சேனலிலும் பேசியவர்கள், பேராசிரியர்கள் உட்பட, ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்: காசு. சரி, அப்படியே இருக்கட்டும். 2016இல் இதே தொகுதியில் 57 ஆயிரம் ஓட்டு வாங்கிய திமுக, ஒன்றரை வருஷத்தில் 25 ஆயிரத்துக்கும் கீழே போய் டெபாசிட் இழந்ததே, அந்த ஓட்டெல்லாம் எங்கே போனது, ஏன் போனது? அப்புறம் 2021இல் அதே திமுக இங்கே 40 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் எப்படி ஜெயித்தது? ஜெயலலிதா இறந்த பிறகு வந்த கோபம், பழைய அதிமுகக்காரர்கள் யாரைத் தலைவராக நினைத்தார்கள் என்பது, கூட்டணி என்று எத்தனையோ இருக்கிறது. இதையெல்லாம் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுத வேண்டியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 2 நிமிஷத்தில் ஒரு காரணம் சொல்லுங்கள் என்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? ஆனால் அந்த 2 நிமிஷத்தால் எங்கள் பேர் கெட்டது. இன்றைக்கும் வெளியூரில் ஆர்.கே.நகர் என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, எனக்கு அது வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டுப் பதிவு குறைந்தால் 'சென்னைக்காரர்கள் சோம்பேறிகள்' என்று ஒரு விவாதம் வரும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 சதவீதத்தை ஒட்டி, வட சென்னையில் 60. மூன்றில் அதிகம் ஓட்டுப் போட்டது எங்கள் பக்கம்தான். நான் சொன்ன அந்த டிசம்பர் இடைத்தேர்தலில் 77 சதவீதம். விவாதத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவராவது இந்தக் கணக்கை எடுத்து வைத்தார்களா?

கருத்துக்கணிப்பு என்று படிவத்தோடு வருகிற பிள்ளைகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். வெயிலில் அலைந்து வருகிறார்கள், பாவம், தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். ஆனால் வாசலில் நிற்க வைத்து, பக்கத்து வீட்டு அக்கா காதில் விழுகிற மாதிரி "எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீங்க" என்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? டெல்லியில் இருக்கிற சிஎஸ்டிஎஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம் லோக்நீதி என்ற பேரில் நடத்துகிற தேர்தல் ஆய்வுகளில் ஒரு மாதிரி ஓட்டுச்சீட்டைக் கையில் கொடுத்து, நாமே ரகசியமாகக் குறித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். அதுதான் முறை. எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்தத் தேதியில், எந்தெந்தத் தொகுதியில், பணம் கொடுத்தது யார் என்பதையெல்லாம் கணிப்பு வெளியிடும்போது பெட்டிச் செய்தியாகவாவது நீங்கள் போட வேண்டும். பேராசிரியர் பேசும்போதும் இது அவர் களத்தில் போய்ப் பார்த்தது, இது அவருடைய அபிப்பிராயம் என்று பிரித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. "இன்னும் தெரியவில்லை, பார்க்க வேண்டும்" என்று அவர் சொன்னால் அதையும் வெட்டாமல் போடுங்கள், படித்தவர் ஒருவர் அப்படிச் சொல்வதை நாங்கள் மதிக்கிறோம்.

படிவம் பூர்த்தி செய்து வாங்கிக்கொண்டு போன பிறகு, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எங்களிடம் திரும்பி வந்து சொன்னவர் யாரும் இல்லை. ஆராய்ச்சி எல்லாம் இங்கிலீஷில், காசு கட்டிப் படிக்க வேண்டிய இதழ்களில் வருகிறதாம். எங்களைப் பற்றித்தானே எழுதுகிறார்கள், எங்களுக்குப் புரிகிற தமிழில் அதைக் கொடுக்க உங்கள் பத்திரிகையால் முடியாதா? மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். தேர்தல் இல்லாத மாதத்தில் போடுங்கள், அப்போதுதான் யாரும் கட்சிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தால் பெரம்பூரில் தொடங்கலாம். 1918இல் தொழிற்சங்கத் தலைவர்கள் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் நின்று பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்கு மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற சங்கத்தைக் கட்டிய பகுதி அது. 2006இல் அங்கே மார்க்சிஸ்ட் கட்சி ஜெயித்தது, திமுக கூட்டணியில். 2011இலும் மார்க்சிஸ்ட்தான் ஜெயித்தது, அதிமுக கூட்டணியில். ஓட்டுப் போட்டவர்கள் கட்சியைப் பார்த்தார்களா, கூட்டணியைப் பார்த்தார்களா, பழைய சங்கத்து ஞாபகம் இன்னும் எந்த வீட்டிலாவது ஓட்டாக மாறுகிறதா என்று உங்கள் பேராசிரியர் தன் மாணவர்களோடு வந்து கேட்கட்டும். வருவதாக இருந்தால் பெரம்பூரில் எனக்குத் தெரிந்த பழைய சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81