ஆர்.சி. உன் பேரில் இருக்கட்டும்

அன்புள்ள மலர்,

தீபாவளிக்கு நீயும் பாப்பாவும் மட்டும் வந்துபோனதிலிருந்து அப்பா சரியாகத் தூங்குவதில்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

நீ கார் வாங்கப்போவது பாப்பா சொல்லித்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் நம் வீட்டில் கார் ஓட்டும் முதல் பெண் நீ என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

பழைய வண்டியே பார். மாமாவிடம் விசாரித்தேன். புது வண்டிக்கு ஆறு மாதம் தாண்டினாலே இன்சூரன்ஸ் மதிப்பில் 15 சதவீதம் கழிப்பார்களாம், நாலு வருஷம் தாண்டினால் பாதிதானாம். அந்த நஷ்டம் முதலில் வாங்கியவர் தலையோடு போகும். 7 லட்ச ரூபாய்ப் புது வண்டிக்கு ஒரே தடவை கட்டும் ஆயுள் வரி மட்டும் 91 ஆயிரம். தமிழ்நாட்டு நம்பர் வண்டி என்றால் அதையும் அவரே கட்டியிருப்பார். நாலு வருஷ வேகன் ஆர் உனக்குப் போதும், கைப்பணத்தில் முடியும், தவணை வேண்டாம். இப்போதுதான் ஓட்டிப் பழகுகிறாய், காந்திபுரம் நெரிசலில் கீறல் விழுந்தாலும் மனசு பதறாது.

காலையில் இன்ஜின் ஆறிக்கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சேற்றுக்கறை இருக்கும். கடனில் வாங்கிய வண்டி என்றால் பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கும் 35ஆம் படிவமும் கேள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை உன் பேருக்கு மாற்று. 14 நாளுக்குள் இன்சூரன்ஸும் உன் பேருக்கு வரட்டும். உன் பேரில், மலர். வேறு யார் பேரும் வேண்டாம்.

அந்த வெள்ளைக் காரை நினைத்துத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கார் கேட்கிற இடம் வேண்டாம்மா என்று நீ அன்றைக்கே சொன்னாய். அப்பாவும் தயங்கினார். பத்திரிகை அடித்தாயிற்று, ஊர் என்ன பேசும் என்று உன் வாயை அடைத்தவள் நான். 60 மாதம் அப்பா தவணை கட்டினார், ஆர்.சி. மாப்பிள்ளை பேரில். விற்கும்போது உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அதைக்கூட உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என்ன பதில் சொன்னாலும் அதற்குக் காரணம் நான்தானே.

வண்டி பார்க்கத் தனியாகப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை மாமா தேனியிலிருந்து பஸ் ஏறி வருவான். நானும் வரட்டுமா? நீ சரி என்றால் மட்டும்.

அம்மா